தலை வெட்டாத மரம்

பொன்முடிக்குப் போகிற பஸ் கல்லாறு பாலத்தைத் தாண்டிச் சில வளைவுகள் சுற்றியதும், டிரைவர் ஓரிடத்தில் தானாகவே வேகத்தைக் குறைப்பார். அங்கே ஸ்டாப்பும் கிடையாது, போர்டும் கிடையாது. எஸ்டேட் ஆட்கள் இறங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து மண்பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் பெல்ஹேவன் எஸ்டேட். அது வெள்ளைக்காரன் வைத்த பேர். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர்கள்கூட அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. "மேலே" என்பார்கள், அவ்வளவுதான். மாடம்மாள் பணகுடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான மறுவாரமே ஒரு தகரப் பெட்டியோடு மேலே வந்தவள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

அவள் புருஷன் லிங்கராஜ் எஸ்டேட்டில் மரம் ஏறுகிறவன். தேயிலைக்கு வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. சல்லடையில் சலித்த மாதிரி நிழல் வேண்டும். அதற்காகத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சில்வர் ஓக் மரங்களை வளர்ப்பார்கள். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்றடித்தால் மரம் மொத்தமும் ஒரு நிமிஷம் நரைத்துவிட்டுத் திரும்பப் பச்சையாகும். இந்த மரத்தை அதன் போக்கில் விட்டால் கொடிக்கம்பம் போல நேரே மேலே போய்விடும். கீழே நிழல் விழாது. அதனால் நட்ட ஏழாவது வருஷம், ஜூன் மாத இடவப்பாதி மழைக்கு முன்னால், இருபத்தைந்தடி உயரத்தில் அதன் தலையை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மரம் மேலே போகாது. பக்கவாட்டில் கைகளை நீட்டி, வளைந்து முறுக்கிக்கொண்டு குடை மாதிரி நிற்கும். அந்தத் தலை வெட்டும் வேலைதான் லிங்கராஜுக்கு. கீழே பேச்சு வராத மனிதன், மரத்து உச்சியில் நின்று சாவகாசமாக வெற்றிலை போடுவான்.

மாடம்மாளுக்குக் கொழுந்து கிள்ளுவது கைவரவில்லை. கங்காணியிடம் நாலு மாதம் திட்டு வாங்கின பிறகு அவளை நர்சரிக்கு மாற்றினார்கள். அங்கே அவள் பிழைத்தாள். சில்வர் ஓக் விதை தவிடு போல லேசானது. மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை மணல் கலந்த பாத்தியில் தூவி, மேலே காட்டுச் செடித் தழையைப் பந்தலாகப் போட்டு, முளைத்ததும் மண் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றவேண்டும். மற்றவர்கள் நூறு மாற்றினால் முப்பது கருகும். மாடம்மாள் நூறு மாற்றினால் ஐந்துகூடக் கருகாது. சூப்பர்வைசர் சுகுமார பிள்ளையே ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "மாடம்மே, நின்டெ கையில எந்தோ உண்டு கேட்டோ" என்றார்.

மரம் முளைக்கிற கையில் பிள்ளை மட்டும் முளைக்கவில்லை. ஒன்பது வருஷம். லயத்தில் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில் எல்லாம் தொட்டில் ஆடியது. அவள் வீட்டில் விட்டத்தில் கொக்கி மட்டும் இருந்தது. கடைசியில் ஊர் இசக்கியம்மன் கோயிலில் போய் அழுது நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்தால் உன் பேர் வைக்கிறேன், அது வளர்க்கும் முதல் முடியை உன் நடையில் வந்து இறக்குகிறேன். அடுத்த வருஷம் எண்பத்தேழில் பெண் பிறந்தது. இசக்கிசெல்வி.

முடியை ஒற்றைப்படை வயதில் இறக்கவேண்டும் என்பது அவர்கள் ஊர் முறை. ஒரு வயதில் எஸ்டேட் லீவு கொடுக்கவில்லை. மூன்று வயதில் புறப்பட்டார்கள். கல்லாறு வரை நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அங்கே கடையில் பழம் விற்றவள் சும்மா இருக்கமாட்டாமல், "குட்டியோட முடி எந்து அழகு! இதயா மொட்ட அடிக்கான் போகுந்நது?" என்று கேட்டுவிட்டாள். பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. தோளைத் தாண்டி இறங்கின, சுருள் சுருளான முடி. "எனக்கு மொட்ட வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று அழுது அழுது அதற்கு விக்கல் எடுத்தது. பஸ் வந்து நின்று, போயும் விட்டது.

"அழுதா அழட்டும். நேர்ச்சையில விளையாட்டு வேண்டாம்" என்றான் லிங்கராஜ்.

"சின்னப் பிள்ளைதானங்க. அஞ்சு வயசுல எறக்கிக்கிடுவோம். அம்மைக்குத் தெரியாதா?" என்று மாடம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்றவளால் அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. நம்மில் யாரால் முடியும்?

தொண்ணூற்றிரண்டு ஜூனில் மழை பிடித்தது. பிள்ளைக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. ஆடியில் ஊருக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அது அம்மாவோடு நர்சரிக்கு வந்து, தேங்காய்ச் சிரட்டையால் பைகளில் மண் அள்ளிப் போடும். ஒரு பையை முழுசாக நானே நிரப்புவேன் என்று அடம்பிடித்து, அரைப் பை நிரப்பியதும் அலுத்துப்போய் எழுந்து ஓடிவிட்டது. மாடம்மாள் சிரித்துக்கொண்டே அந்த அரைப் பையிலும் ஒரு நாற்றை ஊன்றி ஓரமாக வைத்தாள்.

காய்ச்சல் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கொடுத்த மருந்துக்கு அது அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உடம்பு தூக்கிப் போட்டது. எஸ்டேட்டில் இருந்தது ஒரே ஜீப். அதை மேனேஜர் நகரத்துக்கு எடுத்துப் போயிருந்தார். மழையில் மண்பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. லிங்கராஜ் பிள்ளையை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பின்னால் மாடம்மாள் குடையை அவன் தோளுக்கு நேரே பிடித்தபடி ஓடினாள். கல்லாறு பாலத்துக்கு இன்னும் ஒரு வளைவு இருந்தது. லிங்கராஜ் நின்றான். நின்றவன் திரும்பவில்லை. மாடம்மாளுக்கு விளங்கிவிட்டது.

இசக்கி தன் முடியைக் கேட்டாள், கொடுக்கவில்லை, அதனால் பிள்ளையையே எடுத்துக்கொண்டாள். லயத்தில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், தாழ்ந்த குரலில், மாடம்மாள் காதில் விழுகிற மாதிரி. ஜீப்பைப் பற்றி ஒரு மனுஷர்கூட வாய் திறக்கவில்லை. தெய்வத்தைக் குற்றம் சொன்னால் தெய்வம் வேலையை விட்டு நீக்காது. மேனேஜரைச் சொன்னால் அப்படியில்லை. மாடம்மாளும் ஜீப்பை நினைக்கவில்லை. தன்னைத்தான் நினைத்தாள்.

எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டின் மேல் விளிம்பில், பாதையோரம், புதிதாகத் தேயிலை வைக்க வெட்டித் திருத்தியிருந்த இடத்தில், பிள்ளையை அடக்கினார்கள். எஸ்டேட் மண் என்பதால் கல் வைக்கக்கூடாது, மேடு எழுப்பக்கூடாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோது மாடம்மாள் நர்சரியில் ஓரமாகக் கிடந்த அந்த அரைப் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். எப்படியும் அந்தக் காட்டில் அந்த வாரம் சில்வர் ஓக் நடுவதாக இருந்தது. குழியை அவளே வெட்டி, பையைக் கிழித்து, பிள்ளை அள்ளிப் போட்ட மண் ஒரு பிடியும் உதிராமல் இறக்கி வைத்தாள். பிறகு மற்ற ஆட்கள் வந்து பதினைந்தடிக்கு ஒன்றாகக் காடு முழுக்க நாற்று நட்டார்கள். வெளியாள் பார்த்தால் அது நானூறில் ஒன்று.

முதல் வருஷம் மிளா மான் வந்து கன்றுகளின் பட்டையை உரித்துத் தின்றது. மாடம்மாள் தன் கன்றைச் சுற்றி முள் வெட்டி அடுக்கினாள். கோடையில் ஓடையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தினமும் ஏறியது. மாட்டுக்காரர்களிடம் சாணி கேட்டு வாங்கிக் காயவைத்து, தூளாக்கி, வேரில் படாமல் வட்டமாகப் போட்டாள். பக்கத்து வீட்டு எலிசாள் அவளோடு நர்சரியில் வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. "மயினி, நீங்க போடுத தீனிக்கு அது ஒருநாள் வேரோட எந்திரிச்சி லயத்துக்கு வந்துரும்" என்பாள். மாடம்மாள் சிரிப்பாள். அந்த ஆண்டுகளில் அவளைச் சிரிக்கவைத்தது எலிசாள் ஒருத்திதான்.

மரம் வளர்ந்தது. மற்ற மரங்களைவிட ஒரு பிடி பருமனாக, ஒரு முழம் உயரமாக வளர்ந்தது. மாடம்மாள் வருஷத்துக்கு ஒருமுறை, பிள்ளை பிறந்த நாளன்று, முந்தானையை மரத்தைச் சுற்றிப் பிடித்து அளப்பாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று மற்ற பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தன. அவளுக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் எட்டாம் நம்பருக்குத் தலை வெட்டு வந்தது.

லிங்கராஜ் முதல் நாள் சாயங்காலம் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். மாடம்மாள் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அத மட்டும் விட்டுருங்க."

அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை. "எத?"

"எதன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"ஏட்டி, வெட்டுனா மரத்துக்கு ஒண்ணும் ஆவாது. நான் எத்தன ஆயிரம் வெட்டியிருக்கேன். நல்லா படந்து நிக்கும். நெழல் விழும். அவ மேலதான் விழும்."

"அந்தத் தலையில கத்தி வைக்க வேண்டாம். அவ எப்படி அழுதா, நீங்க பாத்தியள்லா."

அரிவாளும் கல்லும் நின்றன. லிங்கராஜ் அரிவாளை ஓரமாக வைத்துவிட்டு, "சுகுமார பிள்ள கேப்பாரு. எண்ணிப் பாக்குத மனுசன்" என்றான்.

மறுநாள் சுகுமார பிள்ளை எண்ணித்தான் பார்த்தார். வரிசையில் ஒன்று மட்டும் தலையோடு நிற்பதைக் கண்டு சத்தம் போட்டார். லிங்கராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாடம்மாள்தான் முன்னால் வந்து, "சாரே, என் மக அதுக்குக் கீழ கெடக்கா" என்றாள்.

சுகுமார பிள்ளைக்கும் வீட்டில் பெண்பிள்ளைகள். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு நோட்டை மடக்கி இடுக்கிக்கொண்டு, "ஒரு மரமல்லே. போகட்டே. நான் கண்டில்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மாடம்மாள் அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த மரத்துக்குக் கெடுதல் நினைத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு அந்த மரம் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. சுற்றிலும் நானூறு மரங்கள் தலையிழந்து, கோணலும் மாணலுமாகக் கிளை விட்டுக்கொண்டிருந்தன. நடுவே இது ஒன்று மட்டும் நேரே மேலே போயிற்று. மண்பாதையில் கடைசித் திருப்பம் ஏறினாலே அதன் உச்சி கண்ணில் படும். ஊரில் சாவு வாழ்வுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் மாடம்மாள் அந்தத் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவாள். "அங்க நிக்கா பாருங்க" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். லிங்கராஜ் திருத்தவில்லை.

இரண்டாயிரத்தில் மரம் பூத்தது. தலை வெட்டின மரங்கள் சரியாகப் பூப்பதில்லை. இது உச்சி முதல் மஞ்சளும் காவியுமாகச் சீப்புச் சீப்பாகப் பூத்தது. காடு முழுக்கத் தேனீ இரைந்தது. மாடம்மாள் அண்ணாந்து பார்த்தபடி விரல் விட்டு எண்ணினாள். பதிமூன்று. அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. உளுந்து வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டினாள். பெண்பிள்ளை பெரியவளானால் வீட்டில் கிண்டுகிற உளுந்தங்களி. லயத்தில் வீட்டுக்கு ஓர் உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டவர்களுக்குச் சும்மாதான் என்றாள். எலிசாள் மட்டும் உருண்டையைக் கையில் வாங்கிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாடம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டாயிரத்து இரண்டில் எஸ்டேட் படுத்துவிட்டது. ஃபாக்டரி சங்கு ஒருநாள் ஊதவில்லை, பிறகு ஊதவேயில்லை. தேயிலை கிள்ள ஆளின்றி ஆளுயரம் வளர்ந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இறங்கின. மேனேஜர் போனார், சுகுமார பிள்ளையும் போனார். லிங்கராஜுக்கு நகரத்தில், சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் சுமை இறக்கும் வேலை கிடைத்தது. அதன் பக்கத்தில் மணக்காட்டில் ஓர் அறையும் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டான்.

"நான் வரல" என்றாள் மாடம்மாள்.

"இங்க என்னத்தத் தின்ப?"

"காட்டுல எலை கெடக்கு, கெழங்கு கெடக்கு. எலிசாளும் இருக்கா. ஒரு வயித்துக்கு என்ன வேணும்?"

"ஒத்தையில..."

"அவள ஒத்தையில விட்டுட்டு வரச் சொல்லுதியளா?"

அவன் தனியாக இறங்கிப் போனான். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஏறி வருவான். மரத்தடியில் மாடம்மாள் புல் செதுக்கிக்கொண்டிருப்பாள். அவனும் உட்கார்ந்து கூடச் செதுக்குவான். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டது குறைவு. இருந்தும் அந்த இரண்டு வருஷம் அவர்கள் ஒருவரையொருவர் நோகடிக்கவில்லை.

இரண்டாயிரத்து நாலு ஜனவரியில் எஸ்டேட் முதலாளிகள் மரங்களை விற்றார்கள். ப்ளைவுட் செய்ய சில்வர் ஓக் கேட்கிறார்களாம். காண்ட்ராக்டர் ஆட்கள் கீழ்க்காட்டிலிருந்து தொடங்கினார்கள். கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு ஒருவன் முன்னால் போய் மரத்துக்கு நம்பர் போட, பின்னால் வாள்காரர்கள் வந்தார்கள். மாடம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எலிசாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மயினி, பயப்படாதிய! அவனுவ எல்லா மரமும் எடுக்கல. தல வெட்டுன மரம் கோணையா இருக்காம், வேண்டாங்கானுவ. நாலாம் நம்பர்ல ஒண்ணுகூட எடுக்கல. ரோட்டோரம் நேரா நிக்கதத்தான் எடுக்கானுவ."

நல்ல செய்தி என்று கொண்டுவந்தவள், சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாடம்மாள் எழுந்தாள். செருப்புக்கூட மாட்டாமல் கல்லாறு வரை இறங்கினாள். அங்கே ஒரு கடையில் போன் இருந்தது. லிங்கராஜ் எழுதிக் கொடுத்த நம்பரைக் கடைக்காரர் போட்டுத் தந்தார். இரும்புக் கடையில் ஆளைக் கூப்பிட்டு வரும் வரை அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்து தலைய வெட்டிருங்க" என்றாள்.

மறுமொழிக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"தல வெட்டுன மரத்த விட்டுருதானுவளாம். எட்டாம் நம்பருக்கு நாளைக்கி வந்துருவானுவ. வாங்க. வந்து வெட்டுங்க."

"சரி. வாரேன்" என்றான் லிங்கராஜ்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் வந்துவிட்டான். இரண்டு வருஷம் கம்பி சுமந்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. பழைய அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றான். நின்று கீழிருந்து மேல்வரை நெடுநேரம் பார்த்தான். இருபத்தைந்தடியில் வெட்டவேண்டிய தலை இப்போது அறுபதடிக்கு மேலே இருந்தது. அடிமரம் அவன் இரண்டு கைக்குள் அடங்கவில்லை.

"ஏறுங்க" என்றாள் மாடம்மாள்.

அவன் ஏறினான். இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. தண்டு மெலிந்து, ஒரு கையால் பிடிக்கிற அளவுக்கு வந்த இடத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்து கேட்டான்.

"வெட்டட்டா?"

மாடம்மாள் அண்ணாந்து நின்றாள். காற்று வந்தது. உச்சி வெளுத்து, பச்சையாகி, திரும்ப வெளுத்தது. கல்லாறு பஸ் ஸ்டாப்பில் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை அவள் கண்ணுக்குள் வந்தது. எலிசாள் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடம்மா, வெட்டட்டாட்டி?" லிங்கராஜ் குரல் இந்தத் தடவை உடைந்திருந்தது.

"வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு மாடம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலை விழுந்தது. தேயிலைச் செடிகளின் மேல் விழுந்ததால் பெரிய சத்தம்கூட வரவில்லை. மாடம்மாள் போய் அதன் இலைகளை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். மொட்டையாக நின்ற மரத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. கொடுத்தாயிற்று, இனி ஒன்றும் வராது என்று நினைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி நினைத்தது அதுதான் முதல்தடவை.

பெயிண்ட்காரன் மத்தியானம் வந்தான். விதுரப் பக்கத்து ஆள், வாலிபன், பார்க்க முரடன் மாதிரி இல்லை. கோணல் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவன் இந்த மரத்தைக் கண்டதும் நின்றான். டேப்பைச் சுற்றிப் பிடித்தான். அண்ணாந்து பார்த்தான். கீழே கிடந்த உச்சியைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆரா சேட்டா தல வெட்டியது? நன்னாயி. ஞங்களுக்கு ஒரு பணி குறஞ்ஞு."

மாடம்மாள்தான் எழுந்து வந்தாள். "தல வெட்டுனா எடுக்கமாட்டியன்னு சொன்னாவளே."

"அது செறுப்பத்தில வெட்டணும் அம்மா" என்று அவன் மற்ற மரங்களைக் காட்டிப் பொறுமையாக விளக்கினான். "குட்டியா இருக்கும்போ வெட்டுனா வளஞ்ஞு போவும், பலகைக்குத் தடி கிட்டில்லா. இது நோக்கு. ஐம்பது அடிக்கு நேரே உண்டு. முடிச்சே இல்லா. இப்பம் தல இருந்தால் எந்து, போயால் எந்து?"

மரத்துக்குக் கீழே யார் கிடக்கிறாள் என்று மாடம்மாள் சொன்னாள். அவன் முகம் மாறிப்போயிற்று. பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தான். "நான் கூலிக்கு வந்நவனா அம்மா. நான் விட்டால் நாள வேற ஆள் வரும்" என்றான். பிறகு நம்பர் போட்டான். வேரைத் தோண்டமாட்டோம், அடியில் ஒரு சாண் விட்டு அறுக்கிறோம் என்று மட்டும் வாக்குக் கொடுத்தான். அதைக் காப்பாற்றவும் செய்தான்.

மரம் மறுநாள் போயிற்று. பாதையோரம் நின்றதால் லாரியில் ஏற்ற அரைமணிகூட ஆகவில்லை. எட்டாம் நம்பர் காட்டிலிருந்து போனது அந்த ஒன்றுதான். மற்ற நானூறும் கோணிக்கொண்டு அப்படியே நின்றன, இப்போதும் நிற்கின்றன.

லாரி சத்தம் கீழே ஓய்ந்த பிறகு மாடம்மாள் கேட்டாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியுமா? இனிமே வெட்டுனாலும் எடுத்துருவான்னு?"

லிங்கராஜ் அறுத்த அடிமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். மரம் ஏறி முப்பது வருஷம் சோறு தின்றவன்.

"தெரியும்."

"பெறவு ஏன் ஏறுனிய?"

"நீ கேட்ட. மொதல் தடவ வேண்டாம்னு கேட்ட, விட்டேன். இப்ப வெட்டுன்னு கேட்ட, வெட்டுனேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?"

அவள் அவனைத் திட்டவில்லை. அன்று இரண்டு பேரும் ஒரே பாயில் இரண்டு பக்கமும் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார்கள். மேலே இருக்க இனி அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு எலிசாளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். மணக்காட்டுக்குப் போவதற்கு முன்னால் ஊருக்குப் போகவேண்டும் என்றாள்.

இசக்கியம்மன் கோயிலில் அன்று கூட்டமில்லை. பின்பக்கத்துச் சாய்ப்பில் முடி இறக்குகிறவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயசானவர். இவர்களைப் பார்த்ததும் பலகையைத் தட்டிப் போட்டார்.

"யாருக்கும்மா நேர்ச்ச?"

"மகளுக்கு."

"வயசு?"

"அஞ்சு."

"கூட்டிட்டு வாங்க. எங்க, வெளையாடிட்டு நிக்காளா?" என்று அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

மாடம்மாள் பலகையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். பாதிக்கு மேல் நரைத்த முடி இடுப்பு வரை இறங்கியது. பெரியவர் அவளையும் லிங்கராஜையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிண்ணத்துத் தண்ணீரை அள்ளி அவள் உச்சியில் தடவினார். மாடம்மாள் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெதுவா வைங்கய்யா. அவ அழுவா" என்றாள்.

லிங்கராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, முடி தரையில் விழாமல் வாங்கிக்கொண்டான்.